சும்மாதான் போனேன்

“ஊர் சுத்திப் பாக்கப் போன எடத்துலயும் சாதிதானா? ஒங்களுக்கெல்லாம் வேற நெனப்பே வராதா சார்?”

லண்டன் போய்த் திரும்பி, அங்கே கழிந்த முதல் நாலு நாள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார். முற்போக்கானவர். என் வீட்டில் கை நனைத்திருக்கிறார். கை நனைத்த செய்தியை நாலு கூட்டங்களில் பேசியும் இருக்கிறார். அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். மழுப்பியது தப்பு. அதனால் இப்போது எழுதுகிறேன். அவருக்கு மட்டுமல்ல, அவரைப் போலக் கேட்கத் தயாராக இருக்கும் எல்லோருக்கும் சேர்த்து.

முதலில் ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சும்மாதான் போனேன்.

இந்தச் சொல்லை யாருமே நம்பவில்லை. நான் அரசுப் பள்ளி ஆசிரியன். வெளிநாடு போகத் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். கோப்பைப் பார்த்தவர் தலையைத் தூக்கி, “என்ன சார், மாநாடா?” என்றார். இல்லை என்றேன். “ஒங்க ஆளுங்களுக்கு ஏதோ பண்டு வருதாமே, அதுவா?” அதுவும் இல்லை. “அப்ப பையன் அங்க இருக்கானா?” இல்லை சார், லீவுக்குச் சும்மா ஊர் சுத்திப் பார்க்கப் போறேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் பார்த்தார். என் அம்மா கேட்டது இதைவிட மோசம். “யாருடா ஒன்னக் கூப்ட்டாங்க?” யாரும் கூப்பிடலம்மா. “கூப்புடாம இன்னாத்துக்குடா அவ்ளோ தூரம் போற?”

அம்மா சரியாகத்தான் கேட்டாள். எங்கள் சனம் கடல் தாண்டாத சனமா? 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பன் துறைமுகத்தில் போய் நின்ற ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து கிளம்பியதுதான். நட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போன முதல் கப்பல். அதில் எங்கள் சனங்களும் இருந்தார்கள். மொரீசியசு, பிஜி, மலேயா, இலங்கை மலைத்தோட்டம் என்று கூப்பிட்ட திசைக்கெல்லாம் போனோம். என் தாத்தாவின் அண்ணன் கங்காணியோடு பினாங்குக்குப் போனவர்தான்; போனவர் போனவர்தான். தலைவர்களும் அப்படியே. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் கொழும்புக்குப் போனது தம்மம் ஏற்க. இரட்டைமலை சீனிவாசனும் அம்பேத்கரும் 1930இல் லண்டனுக்குப் போனது வட்டமேசை மாநாட்டில் மல்லுக்கட்ட. இப்போது கருத்தரங்கக்காரர்கள் கூப்பிட்டால் போகிறோம். நம் துயரத்தைச் சொல்லிவிட்டு வருகிறோம். அதெல்லாம் வேண்டியதுதான். குறை சொல்லவில்லை. ஆனால் கூலிக்கும் இல்லாமல், சாட்சி சொல்லவும் இல்லாமல், கையை வீசிக்கொண்டு ஒரு ஊரை வேடிக்கை பார்க்கப் போனது யார்? கூப்பிட்டால் போகிற சனமாகவே நம்மை வைத்திருந்தார்கள். நாமும் அப்படியே இருந்துவிட்டோம்.

வேடிக்கை பார்ப்பவர்கள் வேறு ஆட்கள். தமிழில் பயணக் கட்டுரைக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ஏ.கே. செட்டியாருக்கு ‘உலகம் சுற்றும் தமிழன்’ என்றே பேர். அவர் உழைப்பின்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவருக்குப் பின்னால் வாரப் பத்திரிகைகளில் வெளிநாட்டுத் தொடர் எழுதிய கூட்டத்தைத்தான் சொல்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் தயிர்சாதம் கிடைக்கவில்லை என்று ஓர் அத்தியாயம். மாட்டுக்கறி தெரியாமல் தட்டில் வந்துவிட்டது என்று ஓர் அத்தியாயம். கடைசியில் நம்மூர் மாமி ஒருத்தி கூட்டிப்போய் ரசம் ஊற்றுவாள். தேசம் தேசமாகப் போனார்கள், அக்ரகாரத்தைத் தாண்டவில்லை. ஆனாலும் படிக்கிற நமக்கு அது ‘தமிழரின் பயண அனுபவம்’. அந்தத் தமிழரில் நாம் எங்கே இருக்கிறோம்?

இவர்களுடைய முன்னோருக்குக் கடல் தாண்டினாலே தீட்டு. 1888இல் சட்டம் படிக்க லண்டனுக்குக் கப்பலேறிய காந்தியை அவர் சாதியே தள்ளிவைத்தது. கடலைத் தாண்டினால் சாதி போய்விடும் என்று அவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆசையாக இருக்கும். போனால் போகுமா? போகும் என்றால் போய்த் தொலைத்துவிட்டு வரலாமே! சும்மா போனேன் என்று சொன்னாலும் இந்த ஆசை மட்டும் பைக்குள் மடித்துவைத்த சட்டைக்கு அடியில் இருந்தது. மறைக்கவில்லை.

விசாவுக்குக் காகிதம் சேர்த்த கதை தனி. வந்தவன் அங்கேயே தங்கிவிடாமல் திரும்பிப் போவான் என்று காட்ட வேண்டுமாம். வங்கிக் கணக்கு, வேலைச் சான்று இதெல்லாம் இருந்தது. “சொத்துப் பத்திரம் இருந்தா வைங்க சார், ஸ்ட்ராங்கா இருக்கும்” என்றார் ஏசண்டு. எந்தச் சொத்து? 1892இல் வெள்ளைக்காரன் எங்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை யார் யார் உழுதுகொண்டிருக்கிறார்கள் என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? இரண்டரை சென்ட் தொகுப்பு வீட்டின் பட்டாவை வைத்தேன். விசா வந்துவிட்டது.

முதல் நாள். ஹீத்ரோவில் இறங்கி, பிக்காடிலி பாதாள ரயிலைப் பிடித்து கிங்ஸ் கிராஸ் வந்து சேர்ந்தேன். அதற்குப் பக்கத்தில் மலிவான விடுதி. ஓர் அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில். எனக்கு மேல் கட்டிலில் ஒரு பிரேசில்காரப் பையன். பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பினால், என் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து, ‘குடிக்கட்டுமா’ என்று சைகை காட்டிவிட்டு, வாய் வைத்துக் கடகடவென்று குடிக்கிறான். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. எச்சில்! அடுத்த நொடி சிரிப்பு வந்துவிட்டது. அடப்பாவி, எனக்கேவா? நான் வாய் வைத்த பாட்டிலில் ஒருத்தன் வாய் வைத்துக் குடிப்பதைப் பார்க்க நாற்பத்தாறு வயது ஆகியிருக்கிறது. அதைப் பார்க்கிறபோது எனக்கு வருவது எச்சில் பார்க்கிற கோபம்! அடித்தவனுடைய புத்தி அடிவாங்கினவன் மண்டைக்குள்ளும் குடியிருக்கிறது. இதை நான் அங்கே போய்த்தான் பார்த்தேன்.

மே மாசக் கடைசி. இரவு ஒன்பது மணி வரைக்கும் அங்கே வெளிச்சம் இருக்கிறது. தெருத் தெருவாக நடந்தேன். வழி தப்பியது. ஒரு கிழவரிடம் கேட்டேன். வழி சொல்லிவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். இந்தியா என்றேன். ‘நல்லது’ என்று போய்விட்டார். அவ்வளவுதான். கேள்வி அங்கேயே நின்றுவிட்டது. எனக்கு நம்பவே முடியவில்லை. அதற்குக் கீழே இன்னும் ஒரு படி இறங்குவார் என்று எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தேன். நம்மூரில் ‘எந்த ஊரு’ என்பது கேள்வியின் முதல் படி. அதற்குக் கீழே எத்தனை படி இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

உடனே ஒரு தோழர் எழுந்திருப்பார்: வெள்ளைக்காரன் யோக்கியமா? இனவெறி இல்லையா? இருக்கிறது. யார் இல்லையென்றது? 1993 ஏப்ரலில், தென்கிழக்கு லண்டனில், பேருந்துக்காகக் காத்திருந்த ஸ்டீபன் லாரன்ஸ் என்ற பதினெட்டு வயதுக் கறுப்புப் பையனை வெள்ளை இளைஞர்கள் குத்திக் கொன்றார்கள். அந்த வழக்கைப் போலீசு எப்படி நாசமாக்கியது என்று விசாரித்த மேக்பர்சன் அறிக்கை, லண்டன் போலீசில் நிறுவனமயமான இனவெறி இருக்கிறது என்று 1999இல் எழுதியது. என்னையும் ஒரு கடையில் காவல்காரர் பின்னாலேயே வந்து பார்த்தார். ஆனால் ஒன்று. அவர் பார்த்தது தோலை. தோல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வெளியில் இருக்கிறது. எனக்கும் அவருக்கும் இடையில் ரகசியம் ஒன்றுமில்லை. சண்டை போடுவதென்றால் நேராகப் போடலாம்.

இரண்டாம் நாள் பிரிட்டிஷ் மியூசியம். நுழைவுக் கட்டணம் கிடையாது. 33A என்று எண் போட்ட அறையில் அமராவதி. கிருஷ்ணா நதிக்கரை பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக் கற்கள். 1845இல் வால்டர் எலியட் என்ற சென்னை மாகாண அதிகாரி தோண்டியெடுத்து, சென்னைக்கு வந்து, பிறகு லண்டனுக்குக் கப்பலேறியவை. மிச்சம் நம் எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது. சில பலகைகளில் புத்தர் உருவம் கிடையாது. வெறும் ஆசனம் இருக்கிறது. பாதச் சுவடு இருக்கிறது. சுற்றிலும் சனங்கள் கும்பிடுகிறார்கள். ஒரு மணி நேரம் அந்தக் கற்களுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். திருடின கல்தான். ஆனால் இந்தக் கல்லை மண்ணுக்குள் போகவிட்டது யார் என்ற கேள்வியும் எனக்கு உண்டு.

மியூசியத்தின் நடுவில் வட்டமாக ஒரு பழைய படிப்பகம். நூலகம் 1990களின் கடைசியில் செயின்ட் பாங்க்ராஸ் பக்கம் மாறிப்போய்விட்டது. அதற்கு முன் இங்கேதான். 1920களின் தொடக்கத்தில், லண்டன் பொருளாதாரப் பள்ளியில் படித்த காலத்தில், அரைவயிற்றோடு அம்பேத்கர் உட்கார்ந்து படித்த இடம். வெளியிலிருந்துதான் பார்த்தேன். அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. இரண்டு நாளாக யாரும் என்னைக் கேட்கவில்லை. போய்விட்டது போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் சோற்றுக்கு ஆசை வந்தது. தயிர்சாதக்காரர்களைக் கிண்டல் பண்ணியவனுக்கும் நாக்கு ஒன்றுதானே. ஈஸ்ட் ஹாம் போ, தமிழ்ச் சாப்பாடு கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ரயிலை விட்டு வெளியில் வந்தால் தமிழ்ப் பலகைகள். மளிகைக் கடை, நகைக் கடை, முருங்கைக்காய்க் கட்டு. வயிறு குளிர்ந்துவிட்டது. ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்தேன். எதிரில் ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர்.

“ஊருக்குப் புதுசா சார்?”

“ஆமாங்க. மூணு நாளாச்சு.”

“நமக்கு எந்தப் பக்கம்?”

“திண்டிவனம் பக்கம்.”

“திண்டிவனத்துல?”

ஊர்ப் பேரைச் சொன்னேன்.

“அடடே, அந்த ஊரா! நம்ம சம்பந்திக்குப் பக்கத்து ஊராச்சே அது. நாலஞ்சு வாட்டி வந்திருக்கேன். ஊர்ல எங்க? கோயில் தெருவா?”

கையில் பிசைந்த சோறு. சாம்பார் விரலிடுக்கில் வழிகிறது. அவர் சிரித்த முகமாகத்தான் கேட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் விசயமே. கெட்ட எண்ணம் இல்லாமலே கேட்க முடிகிற கேள்வி அது. கண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்க நம்மாட்கள் படிப்படியாகக் கட்டி வைத்திருக்கிற கிணறு. மாவட்டம், ஊர், தெரு. கடைசிப் படியில் தண்ணி இருக்கிறது. அந்தத் தண்ணியை அவர் மொண்டு குடிப்பதா கொட்டுவதா என்பது என் பதிலில் இருக்கிறது.

“கோயில் தெரு பக்கம்தாங்க” என்றேன்.

ஆமாம் நண்பர்களே. பொய் சொன்னேன். கூட்டங்களில் தொண்டை கிழியப் பேசுகிறவன், பிள்ளைகளுக்குப் பெரியார், அம்பேத்கர் சொல்லிக் கொடுக்கிறவன், ஐயாயிரம் மைலுக்கு அந்தப்பக்கம், என்னை ஒன்றும் செய்ய முடியாத ஒரு மனிதரிடம் பொய் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப நம்மாளுங்கதான்!” என்றார். இன்னொரு அப்பளம் வைக்கச் சொன்னார். என் சாப்பாட்டுக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார். நான் வேண்டாமென்று சொல்லச் சொல்லக் கையைப் பிடித்துக்கொண்டார்.

கோயில் தெரு எந்தத் தெரு தெரியுமா? 1979இல், இனிமேல் திருவிழாவுக்குப் பறையடிக்க வரமாட்டேன் என்று சொன்னதற்காக என் அப்பாவின் வலது கையை ஒடித்த தெரு. செத்துப் போகிறவரைக்கும் அந்தக் கை நேராகவில்லை. இடது கையால் சோறு தின்பார். அந்தத் தெருவை என் தெரு என்று சொல்லி ஓசிச் சோறு தின்றுவிட்டு வந்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. மேல் கட்டில் பையன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

நாலாம் நாள் வேறெங்கும் போகத் தோன்றவில்லை. வடக்கு ரயில் தடத்தில் சாக் ஃபாம் நிலையத்தில் இறங்கி, கிங் ஹென்றி சாலை 10ஆம் எண் வீட்டுக்கு நடந்தேன். 1921, 22இல் அம்பேத்கர் தங்கியிருந்த வீடு. 2015இல் மகாராட்டிர அரசு விலைக்கு வாங்கி நினைவில்லம் ஆக்கியது. குடியிருப்புப் பகுதியில் மியூசியம் கூடாது, சத்தம், கூட்டம் என்று அக்கம்பக்கத்தில் சிலர் புகார் கொடுத்து, உள்ளூர்க் கவுன்சில் அனுமதி மறுத்து, விசாரணை நடந்து, 2020 மார்ச்சில்தான் அனுமதி கிடைத்தது. லண்டனிலும் அவருக்கு வீடு லேசில் கிடைக்கவில்லை பாருங்கள்.

அந்த வீட்டு முன்னால் நிற்கும்போது எனக்கு லண்டன் நினைவுக்கு வரவில்லை. பரோடாதான் வந்தது. அமெரிக்காவிலும் இங்கேயும் படித்துவிட்டு 1917இல் அவர் பரோடா சமஸ்தான வேலைக்குப் போனார். வெளிநாட்டில் இருந்த வருசங்களில் தான் தீண்டப்படாதவன் என்கிற நினைப்பே தனக்கு அற்றுப்போயிருந்ததாக அவரே ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பரோடா ரயிலடியில் இறங்கியதும் முதல் கேள்வி: எங்கே தங்குவது? இந்து விடுதியில் சேர்க்கமாட்டார்கள். பார்சி விடுதியில் பார்சிகளுக்கு மட்டும்தான் இடம். ஒரு பார்சிப் பெயரைச் சொல்லிப் பதிவேட்டில் எழுத வைத்துத் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடியோடு ஒரு கூட்டம் வந்து மிரட்டி வெளியேற்றியது. நண்பர்கள் இரண்டு பேர் வீட்டில் இடம் கேட்டார். இரண்டு பேரும் நாசூக்காகக் கைவிரித்தார்கள். ஒரு பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார்.

நான் பலமுறை படித்த பக்கங்கள்தான். பள்ளியில் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தப் பொய்ப் பெயர் இருக்கிற வரியை அதுவரை வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். அவரா பொய் சொன்னார் என்று. அன்றைக்கு அந்தச் சாலையில் நின்றபோது விளங்கியது. சொல்ல வைத்தவர்கள் யார் என்பதையும், சொல்லும்போது வயிற்றுக்குள் என்ன நடந்தது என்பதையும் சேர்த்து அவர் எழுதி வைத்தார். தனக்கு வேறு வழி இல்லாமல் சொன்னதையே ஒளிக்காமல் எழுதினார். எனக்கு வேறு வழி இருந்தது. மெஸ்ஸை விட்டு எழுந்து வந்திருக்கலாம். அதனால் நான் இன்னும் அதிகமாக எழுதக் கடமைப்பட்டவன்.

இப்போது நண்பரின் கேள்விக்கு வருகிறேன். போன இடத்திலும் சாதியா?

நான் கொண்டுபோகவில்லை ஐயா. எனக்கு முன்னாலேயே அது போய் உட்கார்ந்திருந்தது. நிறத்தின் பேரால் ஒதுக்குவதற்கு எதிராக பிரிட்டனில் 1965லேயே சட்டம் வந்தது. சாதிக்கு? 2010இன் சமத்துவச் சட்டத்தில், சாதியையும் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு வைத்தார்கள். 2013இல் சேர்த்தே ஆக வேண்டும் என்று பாராளுமன்றம் திருத்தியது. சேர்த்தார்களா? இந்து அமைப்புகள் ஓடி ஓடி எதிர்த்தன. இங்கே சாதியே கிடையாது, சட்டம் போட்டால்தான் சாதி வரும் என்றார்கள். அரசாங்கம் கருத்துக் கேட்டது. பதினாறாயிரத்துக்கும் மேலே பதில்கள் வந்தன. கடைசியில் 2018 சூலையில், நீதிமன்றத் தீர்ப்புகளே போதும், சட்டத்தில் சாதி வேண்டாம், அந்தக் கடமையை நீக்கிவிடப் போகிறோம் என்று கையைக் கழுவியது.

அந்தத் தீர்ப்பு எது தெரியுமா? பீகாரிலிருந்து வீட்டுவேலைக்கு அழைத்துப்போகப்பட்ட ஓர் ஆதிவாசிப் பெண்ணின் வழக்கு. இந்தியக் குடும்பம் ஒன்றின் வீட்டில் நாலரை வருசம். நாளுக்குப் பதினெட்டு மணி நேரம், வாரத்தில் ஏழு நாளும் வேலை. தரையில் படுக்கை. மணிக்குப் பதினோரு பென்சு கூலி. சாதியும் இனவழித் தோற்றத்தில் அடங்கலாம் என்று 2014இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. 2015இல் அவருக்கு 1,83,773 பவுண்டு கொடுக்கச் சொல்லி உத்தரவானது. சாதியே இல்லாத ஊரில் இந்த வழக்கு எங்கிருந்து வந்தது?

ஆக, கடல் தாண்டினால் சாதி போகும் என்ற பயம் வீண் பயம். அவர்கள் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். பெட்டியில் ஊறுகாய்ப் பாட்டிலோடு வைத்து, உடையாமல், ஒழுகாமல். ‘போன இடத்திலும் சாதியா’ என்ற கேள்வியை நண்பர் கேட்க வேண்டிய இடம் அந்த மெஸ் மேசை. அங்கே கேட்கமாட்டார். அவருக்கு அங்கே கோயில் தெரு என்று உண்மையாகவே சொல்ல முடியும். சொல்லிவிட்டு அப்பளத்தைக் கடித்துவிட்டு வந்து, ‘எனக்கு அங்க அப்படி ஒண்ணும் தெரியலையே’ என்று பயணக் கட்டுரை எழுதுவார். அது பொய்யில்லை. அவருக்குத் தெரியாதுதான்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லுகிறேன். போங்கள். காசு சேர்ந்தால் போங்கள். பக்கத்து மாநிலமோ, சிலோனோ, லண்டனோ. யாரும் கூப்பிட வேண்டியதில்லை. மாநாடு வேண்டியதில்லை. சும்மா போங்கள். வெளிச்சமான சாயங்காலத்தில் ஒரு பூங்கா பெஞ்சில் காரணமில்லாமல் உட்காருங்கள். முதல் இரண்டு நாள் எனக்குக் கிடைத்தது உண்மையான சந்தோசம். மூன்றாம் நாள் வந்து அதைப் பொய்யாக்கிவிட முடியாது. வந்து எழுதுங்கள். தயிர்சாதத்தைத் தேடாத ஒரு பயணக் கட்டுரை தமிழில் வரட்டும்.

கடைசியாக, ஈஸ்ட் ஹாமில் எனக்குச் சோறு வாங்கிக் கொடுத்த பெரியவருக்கு. இந்த இதழ் உங்கள் கைக்கு வராது. இருந்தாலும் எழுதி வைக்கிறேன். நான் கோயில் தெரு இல்லீங்க. ஏரிக்கரைக்கு அந்தப்பக்கம், காலனி. உங்கள் சம்பந்தியைக் கேளுங்கள், என் அப்பா பேரைச் சொன்னால் அடையாளம் சொல்லுவார், கை ஒடிந்தவர் என்று. அன்றைக்கு நீங்கள் கொடுத்த சாப்பாட்டுக் காசைத் திருப்பித் தருகிறேன். வாங்கிக்கொள்வீர்களா, மாட்டீர்களா என்பதை அப்புறம் பார்ப்போம்.